நெறி கட்டினால் பிளேக்கா?

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. போன வாரம் பரணில் ஒரு எலி செத்துக் கிடந்தது. இரண்டு நாள் கழித்து அவனுக்குத் தொடை இடுக்கில் நெறி கட்டியது. காய்ச்சல் இல்லை. சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியில் சிராய்ப்பு உண்டு. ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் வந்த பிளேக்கான ‘கறுப்புச் சாவு’ பற்றி எங்கோ படித்துவிட்டு, “எனக்கும் அதுதானாம்மா?” என்று கேட்கிறான். அந்த நோய் இப்போதும் இருக்கிறதா? அன்றைக்கு டாக்டர்கள் என்னதான் செய்தார்கள்?

பதில்: முதலில் அந்த முட்டியைப் பாருங்கள் அம்மா. காலில் புண் இருந்தால் அதே பக்கத் தொடை இடுக்கில் நெறி கட்டும். கிருமி மேலே ஏறிவிடாமல் நிணநீர் முடிச்சு அங்கேயே மடக்கிப் பிடிப்பதால் வரும் வீக்கம் அது. புண் ஆறினால் பெரும்பாலும் தானே வற்றிவிடும். பிளேக் என்றால் பையன் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருக்க மாட்டான். திடீரென்று குளிர் நடுக்கத்தோடு கடுங்காய்ச்சல் வரும், நெறியைத் தொடவே விடமாட்டான், காலை நீட்ட முடியாது.

ஆனால் அவன் எலியையும் நெறியையும் முடிச்சுப் போட்டானே, அதில் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. 1348-இல் பாரிஸ் பல்கலைக்கழக மருத்துவர்களுக்கு அது தோன்றவில்லை. மூன்று வருஷம் முன்பு சனி, வியாழன், செவ்வாய் மூன்றும் ஒன்றுசேர்ந்ததால் காற்று கெட்டுப்போனது என்று அரசருக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள். நோய் வந்ததோ கப்பலில். 1347 அக்டோபரில் சிசிலியின் மெசினா துறைமுகத்தில் இறங்கியது, நான்கைந்து வருஷத்துக்குள் ஐரோப்பாவில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை மக்களைக் கொண்டுபோய்விட்டது.

எனக்குப் பிடித்த ஆள் கி தெ ஷோலியாக். அன்றைக்குப் போப்பாண்டவர் இருந்த அவின்யோன் நகரில் அவருடைய மருத்துவர். ரத்தம் துப்புகிறவர்கள் மூன்று நாளில் போகிறார்கள், நெறி கட்டுகிறவர்கள் ஐந்து நாளில் போகிறார்கள் என்று இரண்டு வகையாகப் பிரித்து எழுதிவைத்தார். நுரையீரல் பிளேக், நெறி பிளேக் என்று நாங்கள் இன்றும் சொல்வது அதைத்தான். ஓடிப்போனால் பழி வருமே என்றுதான் ஓடாமல் இருந்தேன், பயந்துகொண்டேதான் இருந்தேன் என்று ஒளிக்காமல் சொல்கிறார். அவருக்கும் தொடை இடுக்கில் கட்டி வந்து, ஆறு வாரம் போலக் கிடந்து பிழைத்தார். (பறவை மூக்கு முகமூடி போட்ட டாக்டர் படத்தை உங்கள் மகன் பார்த்திருப்பான். அது சுமார் முந்நூறு வருஷம் பிந்தியது.)

காரணம் தெரியாத இடத்தில் ஆள்மேல் பழி விழும். யூதர்கள் கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்று வதந்தி. ஸ்ட்ராஸ்பர்க்கில் 1349 பிப்ரவரியில் நூற்றுக்கணக்கான யூதர்களை எரித்தார்கள். நோய் அப்போது அந்த ஊருக்குள் வந்திருக்கவே இல்லை! அவர்களும்தானே சாகிறார்கள் என்று போப் ஆறாம் கிளமென்ட் எடுத்துச் சொல்லியும் எடுபடவில்லை.

பிழைத்தவர்களுக்கு வேறு கதை. இங்கிலாந்தில் அறுவடைக்கு ஆள் இல்லை, கேட்ட கூலி கிடைத்தது. பொறுக்காத அரசு, நோய்க்கு முந்தைய கூலியைத்தான் வாங்க வேண்டும் என்று 1349-இல் ஆணையும் 1351-இல் சட்டமும் போட்டது. கூடுதல் கூலி தருகிற இடம் தேடி ஆட்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். 1381-இல் தலைவரியும் சேர்ந்துகொள்ள, குடியானவர்கள் லண்டனுக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள்.

பிளேக் கிருமியைக் கண்டுபிடித்தவர் யெர்சின் என்ற மருத்துவர், 1894-இல் ஹாங்காங்கில். எலிக்கும் மனிதனுக்கும் நடுவில் நோயைக் கடத்துவது தெள்ளுப்பூச்சி என்று 1898-இல் கராச்சியில் காட்டியவர் சிமோன். நோய்ப்பட்ட எலி செத்ததும் உடம்பு ஆறிவிடும், தெள்ளு அதை விட்டுவிட்டு அடுத்த சூடான உடம்பைத் தேடும். அதனால்தான் எலி விழுந்த வீட்டைப் பார்த்து ஜனங்கள் பயந்தார்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்தக் காலத்து நினைவுதான்.

பிளேக் இன்னும் ஒழியவில்லை. 2017-இல்கூட மடகாஸ்கரில் பரவியது. ஆனால் ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்துகளுக்குக் கேட்கிற நோய்தான், சீக்கிரம் ஆரம்பித்தால் பிழைத்துவிடலாம்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். நம் ஊரில் எலியால் நான் அதிகம் யோசிப்பது எலிக்காய்ச்சலைத்தான். அது செத்த எலியைவிட, எலி சிறுநீர் கலந்த தண்ணீர் புண்ணில் படுவதால் வருவது. காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். இல்லாவிட்டாலும் இந்த வாரம் ஒருமுறை முட்டியையும் நெறியையும் காட்டிவிடுங்கள். இரண்டு வாரத்தில் நெறி வற்றாவிட்டாலோ பெரிதானாலோ திரும்பவும் காட்ட வேண்டும். செத்த எலியை வெறுங்கையால் வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். கையில் பாலித்தீன் பை மாட்டி எடுத்து, இடத்தை பிளீச்சிங் பவுடர் தண்ணீர் விட்டுத் துடையுங்கள். அப்புறம், பாட்டி சொன்னார் என்று நெறியை நீவிவிட வேண்டாம்.