கல்மரம்: வெட்டுமுகம் பார்த்துச் சொல்லுங்கள்

ஓட்டமாவடி: ஓமானில் வேலை செய்றன். லீவில் ஹுக்ஃப் பக்கம் போனால் விறகுக்கட்டை மாதிரிக் கல் கிடக்குது. ஊருக்குக் கொண்டுவரலாமா காக்கா?

எழுத்தில் அனுமதி இல்லாமல் எடுக்காதீங்க தம்பி. ஹுக்ஃபில் கிடக்கிறவை பேர்மியன் காலத்துக் கல்மரங்கள், அதாவது புதைந்து கல்லாக மாறிய மரங்கள், 25 கோடி ஆண்டுக்கு மேற்பட்டவை. சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவின் பொது நிலங்களில் சொந்தத் தேவைக்கு ஒருவர் நாளொன்றுக்கு 25 இறாத்தலும் கூடவே ஒரு துண்டும், ஆண்டுக்கு 250 இறாத்தல் வரையும் எடுக்கலாம், விற்கக்கூடாது. அதே நாட்டின் அரிசோனா கல்மரப் பூங்காவில் ஒரு சில்லுகூட எடுக்க முடியாது. எடுக்க விட்டாலும் கிடந்த இடத்தின் ஜிபிஎஸ் அளவைக் குறித்து, பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படம் பிடிச்ச பிறகு கையை வையுங்க. இடம் தெரியாத துண்டால் ஆய்வுக்கு அதிகம் பயனில்லை.

கல்முனை: உண்மையான கல்மரம் எண்டு எப்படி உறுதி செய்றது?

பக்கவாட்டில் தெரியும் கோடுகளை நம்பாதீங்க. ஏமாறுறவர்கள் எல்லாம் அங்கதான் ஏமாறுறாங்க. உடைந்த முனையைத் தண்ணீரில் நனைத்து, வெயிலில் பிடித்து, 10 மடங்கு லென்ஸால் பாருங்க. நடுவிலிருந்து சக்கர ஆரக்கால் போல வெளியே ஓடும் மெல்லிய கோடுகளும், அவற்றுக்கிடையே நுண்துளைகளும் தெரிந்தால் அகலிலை மரம். துளையே இல்லாமல் ஒரே சீரான சிறு கட்டங்கள் எண்டால் ஊசியிலை மரம். தென்னங்குற்றியை அறுத்தால் தெரியுமே புள்ளி புள்ளியாக, அப்படி இருந்தால் பனையினம். வளையம் இல்லை எண்டு தூக்கி எறிய வேண்டாம்: பருவ மாற்றம் குறைந்த இடத்தில் வளர்ந்த மரத்தில் வளையம் தெளிவாக விழாது.

பெரும்பாலானவை சிலிக்காவாக, அதாவது மணலில் இருக்கும் கடினமான பொருளாக மாறியவை. சாதாரணக் கத்தி கீறாது. கல்தான் கண்ணாடியைக் கீறும். ஆனால் மரமல்லாத குவார்ட்ஸ் கல்லும் கீறும், அதனால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

உன்னிச்சை: எங்கட வயலுக்குப் பக்கத்துப் பாறையிலும் மரவரி ஓடுது. சேர், அதுவும் கல்மரமா?

இல்லை. அது நைஸ் பாறை. திருப்பித் திருப்பி வெயிலில் காட்டினால் மைக்கா எனும் தகட்டுத் தாது மினுங்கும், வெளிர்க் கோடும் கருங்கோடும் மாறி மாறி ஓடும். மட்டக்களப்பு, அம்பாறையின் அடிப்பாறை விஜயன் தொகுதி எனும் பாறைக் கூட்டம். அது ஆழத்தில் வெந்து உருமாறி ஏறக்குறைய 50 கோடி ஆண்டாகுது. மரங்கள் தோன்றி 39 கோடி ஆண்டுதான், அதனால் அதில் மரம் இருக்க வழியில்லை. இலங்கையில் பழைய தாவரப் புதைபடிவம் தேடுவது எண்டால் புத்தளம் பக்கத்துத் தப்போவ, ஆண்டிகம எனும் ஜுராசிக் படுகைகளைத்தான் பார்க்கணும்.

காத்தான்குடி: கடைக்காரர் தந்த துண்டு பாரம் குறைவா இருக்கு. போலியா?

அடர்த்தியைக் கணக்கிடுங்க. மீன் நிறுக்கும் தொங்கு தராசில் நூலால் கட்டி ஒருமுறை வெறுமனே, அடுத்து வாளித் தண்ணீருக்குள் முழுக்கத் தாழ்த்தி ஒருமுறை நிறுங்க. வாளியின் அடியில் முட்டக்கூடாது. 520 கிராம் கல் தண்ணீரில் 320 காட்டினால் குறைவு 200. 520-ஐ 200-ஆல் வகுத்தால் 2.6, சிலிக்காவுக்கு அதுதான் கணக்கு. 1.3, 1.4 எண்டு வந்தால் பிசின் வார்ப்பாக இருக்கலாம்.

சம்மாந்துறை: துருக்கறை போக என்ன செய்யலாம் அண்ணன்?

முதலில் மூலையில் ஒரு சொட்டு வினாகிரி விடுங்க. நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கு. அமிலத்தில் போட்டால் வெள்ளைப் படலம் ஒட்டிக்கொள்ளும், கழுவினாலும் போகாது. நுரைக்காவிட்டால் பிளாஸ்ரிக் வாளியில் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 60 கிராம் ஒக்சாலிக் அமிலம் கரைத்து இரண்டு மூன்று நாள் ஊற விடுங்க. அது நஞ்சு: கையுறை, கண்ணாடி போட்டு வெளியில் வைத்துச் செய்யணும், பிள்ளைகள் கிட்ட வரக்கூடாது. பிறகு நல்ல தண்ணீரை மாற்றி மாற்றி இன்னும் இரண்டு நாள். அலுமினியச் சட்டி வேண்டாம்.

அக்கரைப்பற்று: வார்னிஷ் பூசலாமா?

வேண்டாம். காலப்போக்கில் மஞ்சளாகி உரியும். பளபளப்பு வேணும் எண்டால் 80, 220, 400, 600, 1200 இலக்கத் தேய்தாளால் படிப்படியாக ஈரத்தில் தேய்த்து, கடைசியில் சீரியம் ஒக்சைட்டு எனும் மெருகுத்தூளால் தேயுங்க. உலரத் தேய்த்தால் அந்தச் சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.