கேளுங்கள், சொல்கிறேன்: குப்பை பொறுக்கினால் ஆறு சுத்தமாகுமா?

கேள்வி: எங்கள் பகுதியில் ஆறு, ஏரி பாதுகாப்புக் குழு ஒன்று ஞாயிறுதோறும் ராஜகாலுவே (பெரிய மழைநீர்க் கால்வாய்) ஓரம் வேலை செய்கிறது. எனக்கும் சேர ஆசை. "குப்பை பொறுக்கினால் ஆறு சுத்தமாகிவிடுமா?" என்கிறார் வீட்டுக்காரர். கன்னடம் பேசுவேன், எழுத வராது. நான் போய் என்ன ஆகப்போகிறது?
- வாசகி, ஈஜிபுரா, பெங்களூரு

பதில்: கட்டாயம் சேருங்கள் அம்மா. உங்கள் வீட்டுக்காரர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. மழைக்கு முன்னால் கால்வாயில் அடைத்திருக்கும் பிளாஸ்டிக்கை எடுத்தால் தெருவில் வெள்ளம் ஏறுவது குறையும். ஆறு சுத்தமாக அது போதாது.

பெங்களூரு மேட்டில் இருக்கிற ஊர். மேற்குப் பக்கத்துத் தண்ணீர் விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. உங்கள் பக்கத்துத் தண்ணீர் பெள்ளந்தூர் ஏரி, வர்த்தூர் ஏரி தாண்டித் தென்பெண்ணையில் சேர்கிறது. அப்புறம் ஓசூர் கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி, சாத்தனூர், கடலூரில் கடல். என் அக்கா வீட்டு நிலம் கெலவரப்பள்ளித் தண்ணீரில்தான் விளைகிறது. நல்ல மழையில் மதகைத் திறந்தால் தரைப்பாலமே தெரியாமல் நுரை பொங்கி நிற்கும். சோப்புத்தூளும் சாக்கடையும் கலந்த தண்ணீர் ஏரியில் இருக்கும்வரை பேசாமல் கிடக்கும். ஏரி நிரம்பி வழியும் கோடியில் விழுந்து காற்றுப் புகுந்ததும் பொங்கிவிடும். 2017 பிப்ரவரியில் பெள்ளந்தூர் ஏரி தீப்பிடித்தே எரிந்தது. நுரையை ஏரியில் தடுக்க முடியாது, அது கிளம்புகிற இடத்தில்தான் தடுக்க வேண்டும்.

அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. ராஜகாலுவே மழைத்தண்ணீருக்கு மட்டுமே வெட்டியது. மழையே இல்லாத மார்ச் மாதத்தில் அதில் தண்ணீர் ஓடினால், அநேகமாக அது யாரோ விட்ட கழிவுதான். காலை ஏழு மணிக்குக் கரையோரம் நடந்து பாருங்கள். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குழாயில் வெதுவெதுப்பாக, சாம்பல் நிறத்தில், சோப்பு வாசனையோடு கொட்டினால் வீட்டுக் கழிவுத் தண்ணீர். ராத்திரியில் மட்டும் நிறம் மாறி வந்தால் பட்டறை எங்கே என்று தேட வேண்டும். இடம், தேதி, நேரத்தோடு போட்டோ எடுங்கள். சாக்கடை என்றால் குடிநீர் வடிகால் வாரியம், கால்வாய் அடைப்பு என்றால் மாநகராட்சி, ஆலைக் கழிவு என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். வேறு வாசலுக்குப் போன புகார் அங்கேயே தூங்கும்.

கன்னடத்தில் எழுத மற்றவர்கள் இருப்பார்கள். உங்கள் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். கரையோர வீட்டுப் பெண்களிடம் தமிழில் "எந்த நேரத்தில் நாத்தம் அதிகம், அக்கா?" என்று கேட்டுப் பாருங்கள், எந்தக் கருவியும் சொல்லாததைச் சொல்வார்கள். அவர்களைக் குற்றவாளியாக்காதீர்கள். பலருக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பே இருக்காது. குடிசையை அகற்றுவதை மட்டுமே பேசி, மேலே இருக்கும் அடுக்குமாடியின் குழாயைப் பார்க்காத குழு என்றால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

கால்வாய்க்குள் இறங்காதீர்கள். ரப்பர் பூட்ஸும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள், தடுப்பூசி பற்றி டாக்டரைக் கேளுங்கள், கையில் காயம் இருந்தால் அந்த வாரம் விசாரிக்கிற வேலை மட்டும். சேரும் முன் குழுவின் புகார்ப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். போன வருடம் கொடுத்த புகாருக்கு என்ன பதில் வந்தது என்று அதில் இருந்தால், யோசிக்காமல் சேர்ந்துவிடலாம்.