மலைக் குள்ளப் பொசம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (பள்ளி ஆசிரியை ஒருவர்): பர்ராமிஸ் பேரினத்தில் இன்று எத்தனை இனங்கள் உள்ளன?

பதில்: பர்ராமிஸ் பார்வஸ் எனும் மலைக் குள்ளப் பொசம் மட்டுமே உயிரோடு எஞ்சியிருக்கிறது. சுமார் 45 கிராம் எடையுள்ள, வயிற்றுப்பையில் குட்டிகளைச் சுமக்கும் இந்த ஆஸ்திரேலிய விலங்கு உள்ளங்கையில் அடங்கிவிடும். பிரூட்டி, வேக்ஃபீல்டி, டிரைரேடியேட்டஸ் ஆகிய மற்ற மூன்று இனங்களையும் புதைபடிவங்களில் மட்டுமே காணலாம்.

கேள்வி (கல்லூரி மாணவர்): இதுவும் அழிந்துபோனதாகவே கருதப்பட்டதாமே?

பதில்: ஆம். நியூ சவுத் வேல்ஸின் வொம்பியன் குகைகளில் கிடைத்த எலும்புத் துண்டுகளைக் கொண்டுதான் ராபர்ட் புரூம் என்ற மருத்துவர் 1895-இல் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். பிறகு 1966 ஆகஸ்டில், விக்டோரியாவின் மவுண்ட் ஹோதமில் இருந்த பனிச்சறுக்கு விடுதியொன்றுக்குள் உயிருள்ள ஒன்று அகப்பட்டது. அடையாளம் காண உதவியது அதன் முன்கடைவாய்ப்பல்: சிறிய வாய்க்குப் பொருந்தாத அளவில் பெரிதாக, பக்கங்களில் வரிவரியாக முகடுகள் ஓட, விதையோட்டை உடைப்பதற்கென்றே அமைந்த அந்தப் பல்லைப் பார்த்தவர் மறக்க மாட்டார்.

கேள்வி (காட்டுயிர் ஆர்வலர்): பனி குறைந்துவந்தால் இது பிழைக்குமா?

பதில்: எனக்கு மிகுந்த கவலை தரும் கேள்வி இது. பாறை இடுக்குகளில் மாதக்கணக்கில் உறங்கும் இந்த விலங்குக்கு மேலே படியும் பனியே கடுங்குளிரைத் தடுக்கும் போர்வை. பனி மெலிந்தால் அடிக்கடி விழித்து, சேர்த்த கொழுப்பை வீணாக்கிவிடும். முக்கிய உணவான பொகாங் அந்துப்பூச்சிகள் 2017-க்குப் பின் வெகுவாகக் குறைந்தபோது, பைக்குள் இருந்த குட்டிகள் பல இறந்தன. ஆயினும் குயின்ஸ்லாந்தின் ரிவர்ஸ்லியில் கிடைத்த புதைபடிவங்கள் வேறொன்றையும் சொல்கின்றன: அழிந்துபோன பிரூட்டி இனம் வாழ்ந்தது பனியில் அன்று, தாழ்நில மழைக்காட்டில். அப்படியானால் குளிர்மலை இவற்றின் பூர்வீகம் அல்ல, கடைசிப் புகலிடமாகவே இருக்க வேண்டும் என்று வாதிட்ட மைக்கேல் ஆர்ச்சர் முதலிய தொல்லுயிரியலாளர்களின் முயற்சியால், நியூ சவுத் வேல்ஸின் லித்கோ நகருக்கு அருகே தாழ்வான பகுதியில் 2022-இல் ஓர் இனப்பெருக்க மையம் திறக்கப்பட்டது. இந்த வாதம் எனக்கு ஏற்புடையதே. ஆனால் அதற்காக மலையைக் கைவிடலாகாது.

கேள்வி (பொறியாளர் ஒருவர்): சாலைக்கு அடியில் வழி அமைத்தது பலன் தந்ததா?

பதில்: தந்தது. இனச்சேர்க்கைக்குப் பின் ஆண் பொசம்கள் சரிவில் கீழிறங்கிப் போக வேண்டும்; மவுண்ட் ஹோதம் பகுதியில் சாலை குறுக்கிட்டதால் அவை மேலேயே தங்கி, பெண்களுக்கும் குட்டிகளுக்கும் வேண்டிய உணவில் பங்கு கேட்டன. 1980-களில் இயற்கைச் சரிவைப் போலப் பாறைகளை நிரப்பிச் சாலைக்கு அடியில் சுரங்கவழி அமைத்ததும் ஆண்கள் அதன் வழியே இறங்கத் தொடங்கின.