‘உற்றுநோக்கினால் எலக்ட்ரானே மாறும் என்றால், நம் எண்ணத்தால் நோய் குணமாகாதா?’

குவாண்டம் இயற்பியலின் பெயரைச் சொல்லி, எண்ணத்தாலோ ஏதோ ஆற்றலாலோ நோயைக் குணமாக்கலாம் என்கிற ‘குவாண்டம் ஹீலிங்’ பற்றிய உங்கள் கேள்வியின் சாரம் இதுதான். உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் இதை நம்பி மாத்திரையை நிறுத்தும் எண்ணத்தில் இருக்கிறார் என்று கருதியே எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் மகிழ்ச்சி.

அணு, எலக்ட்ரான் போன்ற நுண்துகள்களை ஆராயும் குவாண்டம் இயற்பியல் அப்படி எதையும் நிரூபிக்கவில்லை. நான் 26 ஆண்டுகளாக மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் வழியில் இயற்பியல் கற்பிக்கிறேன். உங்கள் கேள்வி என்னைத் தைத்ததற்குக் காரணம், அதன் முதற்பாதியை வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லி வந்தவன் நான்தான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். அவருக்குப் பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு இணைத்த சிறு பெட்டியும், அதிலிருந்து நீண்ட வயரின் நுனியில் ஓர் உலோகத் தண்டும் இருந்தன. அந்தத் தண்டை ஒரு நிமிடம் கையில் பிடித்தால் எல்லா உறுப்புகளின் நிலையும் பக்கம் பக்கமாக அச்சாகி வருமாம். அதோடு கழுத்தில் அணியும் ஒரு பதக்கம். எல்லாம் சேர்த்து 32,000 ரூபாய். விற்க வந்திருந்தவர் என் பழைய மாணவர். நான் மறுத்துப் பேசியதும் அவர் பணிவாகவே கேட்டார்: “நீங்கதானே சார் சொன்னீங்க, பார்த்தா எலக்ட்ரான் மாறும்னு?” அக்கா என் முகத்தைப் பார்த்தார். அந்த நேரத்தில் எனக்குச் சரியான பதில் வரவில்லை.

அன்று சொல்லியிருக்க வேண்டியதை இங்கே சொல்கிறேன். இரட்டைப் பிளவு சோதனையில் எலக்ட்ரான்களை இரு நுண்ணிய பிளவுகள் வழியே அனுப்பினால், எதிரே உள்ள திரையில் அலைகளுக்கு வருவது போல வரிவரியாகக் குறுக்கீட்டுப் பட்டைகள் தோன்றும். எலக்ட்ரான் எந்தப் பிளவின் வழியே சென்றது என்று அறிய வேண்டுமானால், அதன் பாதையில் ஒளியையோ ஓர் உணர் கருவியையோ வைத்தாக வேண்டும். அது எலக்ட்ரானோடு வினைபுரிவதால்தான் குறுக்கீட்டுப் பட்டைகள் மறைகின்றன. அறையில் மனிதரே இல்லாவிட்டாலும், கருவியின் பதிவை எவருமே படிக்காவிட்டாலும் அவை மறையும். ‘உற்றுநோக்குபவர்’ என்று நாம் தமிழில் எழுதியவுடன் கண்ணும் மனமும் உள்ள ஓர் ஆள் வந்து நின்றுவிடுகிறார். இப்போது என் வகுப்பில் ‘அளவிடும் கருவி’ என்று மட்டுமே சொல்கிறேன்.

நோபல் பரிசு பெற்ற யூஜின் விக்னரே அளவீட்டில் உணர்வுநிலைக்கு இடம் உண்டு என்று எழுதவில்லையா என்று சிலர் கேட்பார்கள். 1961இல் எழுதினார் என்பது உண்மை. பிற்காலத்தில் அந்தக் கருத்திலிருந்து அவரே விலகினார் என்பதும் உண்மை. இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸ் உணர்வுநிலையை விளக்க மூளைக்குள் குவாண்டம் நிகழ்வுகளைத் தேடுகிறார். ஆனால் மூளையில் அத்தகைய நிலைகள் 10⁻¹³ வினாடிக்குள், அதாவது வினாடியின் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்குக்குள், சிதைந்துவிடும் என்று இயற்பியலாளர் மேக்ஸ் டெக்மார்க் 2000ஆம் ஆண்டில் கணக்கிட்டார். நரம்புச் செல்லின் வேலையோ ஆயிரத்தில் ஒரு வினாடி அளவில் நடப்பது. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், அதிலிருந்து கணையத்தின் இன்சுலினுக்குச் செல்லும் வழியை எவரும் காட்டவில்லை.

நான் தியானத்துக்கோ சித்த மருத்துவத்துக்கோ எதிரி அல்லன். தினமும் காலையில் மூச்சுப் பயிற்சி செய்கிறவன். மனம் அமைதியானால் உறக்கமும் வலியைத் தாங்கும் திறனும் மேம்படும் என்பதை ஏற்கிறேன். ஆனால் எந்தச் சிகிச்சையையும் சோதித்துப் பார்க்கலாம். அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற ஒன்பது வயதுச் சிறுமி, உடலின் ஆற்றல் புலத்தைக் கையால் உணர்வதாகச் சொன்ன 21 பேரை ஒரு தடுப்புக்குப் பின்னால் கைநீட்ட வைத்தாள். தன் கை அவர்களின் எந்தக் கைக்கு மேல் இருக்கிறது என்பதுதான் கேள்வி. 280 முயற்சிகளில் 123 மட்டுமே சரியாக இருந்தன. நாணயம் சுண்டிச் சொல்லியிருந்தாலும் பாதி சரியாக வந்திருக்கும். 1998இல் அது அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது.

அக்கா வீட்டுக்குப் போன மறுநாள் நானும் அந்தப் பெட்டியை வைத்து ஒரு சோதனை செய்தேன். உலோகத் தண்டை ஈரக் கைக்குட்டையில் சுற்றிவைத்து, அக்காவின் வயது, உயரம், எடையைக் கணினியில் இட்டேன். கல்லீரல், சிறுநீரகம் என்று முழு அறிக்கையும் வந்தது. பாலினத்தை ஆண் என்று மாற்றியதும், அதே கைக்குட்டைக்குப் புராஸ்டேட் சுரப்பியின் நிலை அச்சாகி வந்தது. அக்கா அந்தத் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகுதான், ஐந்து மாதங்களாக மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டதை என்னிடம் சொன்னார். இடது கால் பெருவிரலில் அவர் அறியாமலே ஒரு புண் இருந்தது. அந்த விரலைக் காப்பாற்ற முடியவில்லை.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். அக்கா சென்றுவந்த மருத்துவமனையில் அவருக்குக் கிடைத்தது மூன்று நிமிடம். என் மாணவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, அவருடைய உறக்கம், பயம், மருமகளோடு உள்ள வருத்தம் எல்லாவற்றையும் கேட்டார். காலணியைக் கழற்றச் சொல்லி அக்காவின் பாதத்தை யாராவது ஒரு முறை பார்த்திருந்தால் போதும்.

சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை நம் நாட்டில் 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. விற்பவரிடம் அதைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் யாரேனும் மாத்திரையைக் குறைத்திருந்தால் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டும் ஹெச்பிஏ1சி (HbA1c) இரத்தப் பரிசோதனையை இந்த வாரமே செய்யுங்கள். இன்றிரவே விளக்கைப் போட்டு அவருடைய இரு பாதங்களையும், விரல் இடுக்குகள் உட்பட, நீங்களே பாருங்கள்.