தொட்டால் சில்லிடும் மரம்

கேள்வி: கண்காட்சிப் புத்தகம் ஒன்றில் சீன அரண்மனைக் கிண்ணத்தின் படம் பார்த்தேன். பலகைகளைச் சேர்த்து மூங்கில் பட்டையால் இறுக்கிய சின்ன மரவாளி போல இருந்தது. கீழே 'பீங்கான்' என்று போட்டிருந்தார்கள். அவ்வளவு நல்ல பீங்கான் கையில் இருக்கும்போது அதை எதற்கு மரம் மாதிரி ஆக்க வேண்டும்? ஏமாற்று வேலை இல்லையா?

பதில்: இந்த வகைக் கிண்ணம் ஒன்றை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். அருங்காட்சியகத்தின் ஆய்வறையில், கைகளைக் கழுவி ஈரம் போகத் துடைத்த பிறகு தந்தார்கள். (கையுறை போட்டால் பீங்கான் வழுக்கும்.) கண் அதை மரம் என்று நம்பிவிட்டது, கையும் மரத்தின் எடைக்குத் தயாராகத்தான் போனது. தொட்டதும் சில்லென்றது, நினைத்ததைவிடக் கனத்தது. அந்த ஒரு நொடித் திகைப்புக்காகவே அதைச் செய்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஏமாற்றுபவன் கடைசிவரை தெரியாமல் பார்த்துக்கொள்வான். இந்தக் கிண்ணமோ எடுத்த உடனே உண்மையைச் சொல்லிவிடுகிறது.

சீனாவில் இதற்கு நீண்ட வேர் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் தேநீரைப் பற்றி எழுதிய லூ யூ, ஒரு ஊர்க் கிண்ணத்தை வெள்ளி என்றார், இன்னொரு ஊர்க் கிண்ணத்தைப் பச்சைக்கல் (ஜேட்) என்றார். வேறொரு பொருளாகத் தெரிவது அங்கே மட்பாண்டத்துக்குக் கிடைத்த பாராட்டு. யோங்செங், சியான்லாங் என்ற இரண்டு பேரரசர்களின் காலத்தில் அந்தப் பாராட்டைச் சூளையே சவாலாக எடுத்துக்கொண்டது. அதிலும் சியான்லாங் (ஆட்சி 1736 - 1795) பழைய வெண்கலமும் பச்சைக்கல்லும் சேர்ப்பதில் தீராத ஆசை உள்ளவர். தன்னிடம் இருந்த வெண்கலப் பாத்திரங்களுக்கு 1749-ல் தனி அட்டவணை தயாரிக்கச் சொன்னவர். பீஜிங்கில் மரத்தால் மாதிரி செதுக்கி, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், ஜியாங்சி மாகாணத்து ஜிங்தெஜென் சூளைகளுக்கு அனுப்புவது அரண்மனை வழக்கம்.

அந்தச் சூளைகளைப் பார்த்துக்கொண்டவர் தாங் யிங். 1728-ல் அங்கே வந்தபோது அவருக்குத் தொழில் தெரியாது. வெளியார் சகவாசத்தை விட்டுவிட்டு, மூன்று வருடம் தொழிலாளிகளோடு ஒன்றாக உண்டு உறங்கிக் கற்றதாக அவரே எழுதியிருக்கிறார். 1735-ல் அவர் எழுதிய கல்வெட்டு வாசகத்தில், அங்கே செய்த மெருகு (சூட்டில் உருகிக் கண்ணாடி போலப் படியும் மேற்பூச்சு), அலங்கார வகைகளாக 57 வரிசையாக வருகின்றன. சூளை பக்கத்திலேயே முப்பது வருடம் கழித்த எனக்கு அந்த மூன்று வருடம்தான் பெரிதாகத் தெரிகிறது. மேலிருந்து உத்தரவு போடும் அதிகாரியாக மட்டும் இருந்திருந்தால் இந்த மரவாளி பிறந்திருக்காது.

கேள்வி: மர வரியை எப்படிக் கொண்டுவந்தார்கள்? களிமண்ணிலேயே நிறம் கலந்தார்களா?

பதில்: இல்லை. உள்ளே சுத்த வெள்ளை பீங்கான்தான். ஜிங்தெஜெனுக்குப் பக்கத்தில் உள்ள கவோலிங் குன்றின் பெயரால்தான் அந்த வெள்ளை மண்ணை உலகம் 'கயோலின்' என்கிறது. உருவத்தைச் செய்து, மெருகு பூசி, சுமார் 1300 டிகிரியில் முதலில் சுடுவார்கள். அப்புறம் வெளிறிய பழுப்பு எனாமலை (குறைந்த சூட்டில் உருகும் நிறப்பூச்சு) பூசி, அதன் மேல் அடர்ந்த பழுப்பால் வரி வரியாக இழுத்து, 800 டிகிரிக்குப் பக்கமான இளஞ்சூட்டில் மறுபடி வேகவைப்பார்கள். பழுப்பைத் தருவது இரும்பு.

சொல்ல எளிதாக இருக்கிறது. நான் ஓடுகளில் பதினோரு முறை முயன்றேன். எனாமல் சூட்டில் இளகும். பக்கத்துப் பக்கத்து வரிகள் ஒன்றோடொன்று ஒட்டி, மரம் சேறாகிவிடும். மெல்லிய கோடாக இழுத்தால் பூச்சுக்குள் மறைந்துபோகும். நான் பார்த்த கிண்ணத்தில் ஒரு கணு வரைந்திருந்தார்கள். ஆற்று நீர் கல்லைச் சுற்றிப் போவது போல வரிகள் அந்தக் கணுவை ஒதுங்கிப் போய், அந்தப் பக்கம் மறுபடி சேர்ந்தன. அந்தத் தூரிகை பிடித்தவரின் பெயர் எங்கும் இல்லை. அரசரின் பெயர் மட்டும் அடியில் இருக்கிறது. இதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

செதுக்கிய சிவப்பு அரக்குப் பெட்டி போலச் செய்தவற்றில், பூவேலையை மண்ணிலேயே புடைப்பாக எடுத்து, மேலே இரும்புச் சிவப்பைப் பூசுவார்கள். சிவப்பும் பழுப்பும் ஒரே உலோகத்தின் இரண்டு முகங்கள்.

கேள்வி: இந்த வகையில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது?

பதில்: வெண்கலம் போல் செய்தவை. தேயிலைத்தூள் என்ற பெயருள்ள மெருகு ஒன்று உண்டு. இரும்பு மிகுந்த அந்த மெருகு சூளையில் மெல்ல ஆறும்போது மஞ்சள் பச்சைப் படிகங்கள் புள்ளி புள்ளியாக உருவாகும். பழைய வெண்கலத்தின் நிறம் அப்படியே வந்துவிடும். அதன் மேல் பொன்னால் கோடு இழுத்து, களிம்பு ஏறிய இடம் போலப் பச்சை நீலத்தை ஒற்றி எடுப்பார்கள். மண்ணுக்குள் பல நூற்றாண்டு கிடந்த வெண்கலத்தின் முதுமை, நேற்றுச் சூளையிலிருந்து எடுத்த பாத்திரத்தின் மேல் வந்து உட்கார்ந்துவிடும்.

பீஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள பழத்தட்டைத்தான் பலரும் சொல்வார்கள். நண்டு, வால்நட், வேர்க்கடலை, மாதுளை எல்லாமே பீங்கான். வேலைப்பாடு அபாரம்தான், ஆனால் ஒருமுறை வியந்த பிறகு எனக்கு அதில் பார்க்க அதிகம் மிஞ்சவில்லை.

கேள்வி: ஆறெழுத்து முத்திரை உள்ள மரவரிக் கிண்ணம் ஒன்று விலைக்கு வருகிறது. சியான்லாங் காலத்தது என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: முத்திரையை நம்பி வாங்காதீர்கள். 'பேரரசுச் சிங் மரபு, சியான்லாங் காலத்தில் செய்தது' என்ற அந்த ஆறு எழுத்துகளைப் பின்னால் வந்தவர்களும் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள். எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு வந்தது என்பதற்கு எழுத்துச் சான்று கேளுங்கள். சீனாவிலிருந்து நேராக வருகிறது என்றால் இன்னும் கவனம் தேவை. மதிப்புள்ள 1911-க்கு முந்தைய கலைப்பொருள்களை வெளியே கொண்டுபோவது அங்கே பொதுவாகத் தடை.

அப்புறம், கிண்ணத்தைக் கவிழ்த்துக் கால் விளிம்பைப் பாருங்கள். பூச்சு இல்லாமல் விட்ட அந்த மெல்லிய வட்டத்தில் மண் வெளியே தெரியும். நான் பார்த்ததில் அது வெள்ளையாக, விரலுக்கு வழுவழுவென்று இருந்தது. சாம்பல் நிறமாகச் சொரசொரத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வழுவழுப்பாக இருந்தாலும், சான்று கிடைக்கும்வரை பணம் தர வேண்டாம்.