கேள்வி பதில்: சரித்திரக் கதை, துப்பறியும் கதை, காதல் கதை

முப்பது வருடம் வாடகை நூலகம் நடத்தியவன் நான். கடையை மூடியாயிற்று, புத்தகங்கள் வீட்டுப் பரணில் இருக்கின்றன. கதை படிக்கிற சுகத்தைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னது தப்பாகப் போயிற்று. எப்படி என்று போகப்போகத் தெரியும்.

ஐயா, சரித்திர நாவலே படித்ததில்லை. பொன்னியின் செல்வன் ஐந்து பாகம் என்றதும் மலைப்பாக இருக்கிறது. எதில் தொடங்கலாம்? (ஓசூர், ஐடி வேலை)

பார்த்திபன் கனவில் தொடங்குங்கள், தம்பி. அளவில் சிறியது, இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். அடுத்து சிவகாமியின் சபதம். கதை நடக்கும் காலப்படி அதுதான் முந்தியது, ஆனால் கல்கி எழுதியது பிற்பாடு. எழுதிய வரிசையில் படித்தால்தான் ருசி. ஒரு எச்சரிக்கை: சுருக்கப் பதிப்பு வேண்டாம். 1999-ல் கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனதிலிருந்து யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். வாங்குமுன் முழுப் பதிப்புதானா என்று பாருங்கள்.

பொன்னியின் செல்வனில் வரும் நந்தினி உண்மையில் இருந்தவளா?

இல்லை. பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும்கூடக் கற்பனைதான். வந்தியத்தேவன் உண்மை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு இராஜராஜ சோழனின் அக்கா குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் மகாதேவியார் என்றே குறிப்பிடுகிறது. இத்தனை பெரிய நாவலின் நாயகனுக்குக் கல்லில் கிடைத்த இடம், இன்னாருடைய கணவன் என்பதுதான். மிச்சத்தை, அந்தக் குதிரை, அந்த வாய்த்துடுக்கு எல்லாவற்றையும், நாவல் தந்தது.

நான் காதல் கதைதான் படிப்பேன். 'எல்லாம் ஒரே கதை' என்று வீட்டில் கிண்டல் செய்கிறார்கள். (சேலம், இல்லத்தரசி)

கிண்டல் செய்கிறவர்கள் ஒரே கிரிக்கெட்டை எத்தனை வருடமாகப் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள், அம்மா. முடிவில் சேர்ந்துவிடுவார்கள் என்று தெரிந்தேதான் காதல் கதையைக் கையில் எடுக்கிறோம். எப்படிச் சேர்கிறார்கள், எந்த இடத்தில் அவன் வாய் தவறி ஒரு சொல்லைச் சொல்கிறான், எத்தனை பக்கம் அவள் பேசாமல் இருக்கிறாள் என்பதில்தான் சுகம்.

என் கடையில் அதிகம் வெளியே போனவை இந்த நாவல்கள்தான். தலைப்புகள் ஒன்று போலவே இருக்குமா, படித்ததையே மறுபடி எடுத்துவிடக் கூடாது என்று அவரவர் ஒரு அடையாளம் வைப்பார்கள். ஒருவர் 32-ஆம் பக்கத்து எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். இன்னொருவர் 50-ல் ஒரு புள்ளி. கடைக்கு வந்ததும் அட்டையைக்கூடப் பார்க்காமல் நேரே அந்தப் பக்கத்தைப் புரட்டி, "இது ஆச்சு, இது ஆச்சு" என்று ஒதுக்குவார்கள். வட்டம் போட்டவரே சில நாள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பரவாயில்லை, இன்னொரு தடவை" என்று எடுத்துப் போவதும் உண்டு.

துப்பறியும் கதையில் பாதியிலேயே கொலையாளியைக் கண்டுபிடித்துவிடுகிறேன். அலுப்பாக இருக்கிறது.

அப்படியானால் 'யார்' என்பதை விட்டுவிட்டு ஆட்களுக்காகப் படியுங்கள். சுஜாதாவின் வக்கீல் கணேஷ் 1968-ல் நைலான் கயிறு நாவலில் வந்தபோது தனி ஆள். வசந்த் அப்புறம்தான் வந்து சேர்ந்தான். அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதைக் கேட்க, முடிவு தெரிந்த கதையைக்கூட மறுபடி எடுக்கலாம். நீங்களாவது பாதி வரை போனீர்கள். என் கடையில் ஒரு மகானுபாவர் முதல் பக்கத்திலேயே பென்சிலால் 'டிரைவர்தான் கொன்றான்' என்று எழுதிவைப்பார். கடைசிவரை அவரைப் பிடிக்க முடியவில்லை.

தமிழின் முதல் சரித்திர நாவல் கல்கியுடையதுதானே?

இல்லை. மோகனாங்கி, 1895. எழுதியவர் திருகோணமலைக்காரரான சரவணமுத்துப் பிள்ளை. நாயக்கர் காலத்துக் கதை.

நந்தினி பாத்திரம் நிஜமா, கற்பனையா?

மேலே பாருங்கள்.

சரி ஐயா, நாவலை விடுங்கள். இராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனை உண்மையில் கொன்றது யார்? (தஞ்சாவூர்)

வந்துவிட்டதா! நாவலும் இதைத் தெளிவாகச் சொல்லாமல்தான் விடுகிறது. கல் என்ன சொல்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது உடையார்குடிக் கல்வெட்டு. இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று பெயர் சொல்லி, அவர்களின் உறவினருடைய சொத்தைப் பறித்த கதையைப் பேசுகிறது. சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்று பெயர்கள் வருகின்றன. நாவலில் ஆந்தை போலக் கத்துகிற ரவிதாசனின் பெயர் இந்தக் கல்லில் இருந்து வந்ததுதான். வந்தியத்தேவன் முதல் அத்தியாயத்தில் குதிரையில் வருவது வீரநாராயண ஏரிக்கரையில். கல்வெட்டு இருக்கும் ஊரும் அந்த ஏரியை ஒட்டியதுதான். கொலையின் சாட்சி நிற்கும் இடத்துக்கு ஆடிப்பெருக்கன்று நம்மைக் கூட்டிப்போய், அதைப் பற்றி மூச்சே விடாமல் கதையைத் தொடங்குகிறார் கல்கி. இதைக் கண்டுகொண்ட அன்று நான் கடையை அரை நாள் மூடிவிட்டேன்.

ஏவியது யார் என்று கல்வெட்டு சொல்லவில்லை. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி, இராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தம சோழனைச் சந்தேகித்தார். சுமார் 15 வருடம் ஆண்டவர் கொலையாளிகளைத் தொடாமல் விட்டாரே என்பது வாதம். எனக்கும் அந்தப் பக்கம்தான் சாய்வு.

இதை ஏற்க முடியாது. சொத்துப் பறிப்பு முன்பே தொடங்கி, இரண்டாம் ஆண்டில் பாக்கி விவகாரம் தீர்ந்திருக்கலாம். உத்தமன் சும்மா இருந்தான் என்று இந்தக் கல்வெட்டை வைத்து எப்படிச் சொல்வீர்கள்? (சிதம்பரம், வரலாற்று மாணவர்)

நியாயமான அடி. நடவடிக்கை இரண்டாம் ஆண்டில்தான் தொடங்கியது என்று கல்வெட்டு சொல்லவில்லை. என் சாய்வு கொஞ்சம் நிமிர்கிறது.

'பஞ்சவன்' என்றால் பாண்டியன். கரிகாலன் வீரபாண்டியன் தலையை எடுத்ததற்குப் பழிவாங்கல்தான். இதில் என்ன மர்மம்? (மதுரை)

மதுரைக்காரரே, அடுத்த பெயரைப் பாருங்கள். 'இருமுடிச்சோழ' என்பது சோழப் பட்டம். பிரமாதிராஜன் என்பது பிராமண அதிகாரிகளுக்கு அரசர் தரும் விருது. சோழ அரசாங்கத்திலேயே பதவியில் இருந்தவர்கள் என்றால், அரண்மனைக் கதவு உள்ளிருந்து திறந்திருக்கலாம். பழிவாங்கல் இல்லை என்று அடித்துச் சொல்லவில்லை. வெளியாள் மட்டும் என்பதைத்தான் ஒப்பமாட்டேன்.

இராஜராஜனும் குந்தவையும் சேர்ந்து செய்தது, எல்லாரும் மறைக்கிறார்கள்.

குடிமக்கள் வேண்டியும் இராஜராஜன் அரியணையைச் சிற்றப்பன் உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுத்தார் என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. சரி, அது மகன் இராஜேந்திரன் வெளியிட்டது, அப்பாவைப் புகழத்தான் செய்யும் என்பீர்கள். ஆனாலும் அண்ணனைக் கொன்றவர் 15 வருடம் வரிசையில் நிற்பாரா? கொலையின் பலன் யாருக்குப் போனது என்று பாருங்கள்.

இந்த விவகாரத்தில் இன்னும் பதினொரு கேள்வி வந்திருக்கிறது. ஒன்றுக்கும் பதில் கிடையாது.

நந்தினி...

இல்லை, இல்லை, இல்லை.

ஒரே புத்தகமாகச் சுருக்கிய பொன்னியின் செல்வன் பாதி விலையில் கிடைக்கிறது. வாங்கலாமா?

முதல் பதிலைப் படித்தீர்களா?

அப்பா வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்த பழைய தொடர்கதை ஒன்று இருக்கிறது. நடுவில் இரண்டு அத்தியாயம் இல்லை. காகிதம் தொட்டால் உதிர்கிறது. எடைக்குப் போட்டுவிடலாமா? (திருநெல்வேலி)

போடாதீர்கள். ஊசியும் சணலும் வைத்துத் தைத்து, காலிகோ துணி ஒட்டின பைண்டுதானே? அதில் அத்தியாயத்தின் முதுகில் பாதி நகைச்சுவைத் துணுக்கு இருக்கும், தலைவலித் தைல விளம்பரம் இருக்கும், 'அடுத்த வாரம்' என்று முடிகிற வரி இருக்கும். புதுப் பதிப்பில் அந்த வரி வராது. ஒரு வாரம் காத்திருந்தவருக்குத்தான் அதன் கனம் தெரியும். வெயில் படாமல் துணியில் சுற்றி வையுங்கள், பக்கத்துக்குப் பக்கம் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தொடர், எந்த இரண்டு அத்தியாயம் என்று எழுதுங்கள். நாளைக்குப் பரணில் ஏறிப் பார்க்கிறேன்.