டென்ட் அடிக்க எந்த இடம்? – வாசகர் கேள்வி பதில்

டென்ட் வாங்குவது சுலபமாகிவிட்டது. அதை எங்கே அடிப்பது என்பதில்தான் குழப்பம் என்பது இந்த முறை வந்த கேள்விகளைப் பார்த்தாலே தெரிகிறது.

கே: நண்பர்கள் நான்கு பேர் காரையாறு பக்கம் காட்டுக்குள் ஒரு ராத்திரி டென்ட்டில் தங்க ஆசைப்படுகிறோம். அமெரிக்க வீடியோக்களில் இஷ்டப்பட்ட இடத்தில் அடிக்கிறார்கள். நம் ஊரிலும் ஆடி அமாவாசைக்கு சொரிமுத்தையனார் கோயிலில் குடில் போடுகிறோமே, மற்ற நாளில் ஏன் விடுவதில்லை? – அம்பாசமுத்திரம் வாசகர்

ப: நீங்கள் பார்த்தது பெரும்பாலும் அங்குள்ள ‘தேசிய வனம்’ என்ற வகை நிலமாக இருக்கும். அதில் பல இடங்களில் 14 நாள் வரை கட்டணமில்லாமல் தங்கலாம். கழிப்பறை, குழாய், குப்பைத்தொட்டி எதுவும் இருக்காது. அதே நாட்டில் தேசியப் பூங்காவுக்குள் போனால் நிலைமை வேறு. எண் போட்ட இடம், மேசை, தீ மூட்ட இரும்பு வளையம், முன்பதிவு எல்லாம் உண்டு. உள்காட்டில் தங்கத் தனி அனுமதியும் வாங்க வேண்டும்.

காரையாறு, சேர்வலாறு, முண்டந்துறை எல்லாம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வருகின்றன. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அது, ஆண்டு 1988. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் 27-ஆம் பிரிவுப்படி சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். தீ வைப்பதை 30-ஆம் பிரிவு தனியாகத் தடுக்கிறது. ஆடி அமாவாசைக் குடில், வனத்துறை நாளையும் இடத்தையும் குறித்துக்கொடுத்து, பிளாஸ்டிக்கைச் சோதனைச்சாவடியிலேயே பிடுங்கி வைத்துக்கொண்டு அனுமதிக்கிற திருவிழா ஏற்பாடு. அந்த ஏற்பாடு விழாவோடு முடிந்துவிடும்.

நடக்கத்தான் ஆசை என்றால் 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகள் உண்டு. வழிகாட்டியோடு போய் வரலாம். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறியவர்கள் இறந்த பிறகு விதிகள் இறுகிவிட்டன. தீக்காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். டென்ட்டுக்கு அடிவாரத் தோப்பு, பட்டா உள்ள விளை (தோட்டம்), தெரிந்தவர் வயல் ஆகியவற்றைப் பாருங்கள். கீழே வருகிற பதில்கள் எல்லாம் அவற்றைப் பற்றித்தான்.

கே: தாமிரபரணிக் கரையில் எங்கள் வயலை ஒட்டி அருமையான மணல் திட்டு இருக்கிறது. ஆற்றிலிருந்து எவ்வளவு தள்ளி அடிக்க வேண்டும்? – சேரன்மகாதேவி வாசகர்

ப: பொதுவாகச் சொல்லும் அளவு 60 மீட்டர், அதாவது 200 அடி. ஆனால் அந்த அளவு தண்ணீரை அசுத்தப்படுத்தாமல் இருப்பதற்கும், தண்ணீர் குடிக்க வரும் உயிர்களை மறிக்காமல் இருப்பதற்கும் சொன்னது. வெள்ளத்துக்குத் தூரத்தை நம்பக்கூடாது, உயரத்தைப் பார்க்க வேண்டும். 60 மீட்டர் தள்ளியிருந்தாலும் ஒரே மட்டமான மணல் திட்டு ஆற்றின் படுக்கைதான்.

கரையோர மருதமரத்தையும் நாணலையும் நின்று பாருங்கள். கிளையில் பிளாஸ்டிக் கவர், கந்தல் சேலை, வைக்கோல், காய்ந்த சருகு எல்லாம் ஒரே பக்கமாகச் சிக்கித் தொங்கும். தொங்குகிற உயரம் வரைக்கும் தண்ணீர் வந்து போயிருக்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியபோது ஆறு எங்கே வரை ஏறியது என்று உங்கள் ஊரில் யாரும் சொல்வார்கள். டென்ட் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கட்டும்.

இரண்டாவது ஆபத்தை நிறைய பேர் நினைப்பதே இல்லை. நீங்கள் இருக்கும் இடத்தில் வானம் வெளுத்துக் கிடக்கும். மேலே அணையில் மின் உற்பத்திக்கோ பாசனத்துக்கோ திறந்துவிட்டால் ஆறு ஏறும். பாபநாசம் அணையின் முழு மட்டம் 143 அடி, மணிமுத்தாறு 118. பேப்பரில் தினமும் நீர்மட்டம் போடுகிறார்கள். நிறைகிற நிலையில் இருந்து மலையில் மழையும் இருந்தால் அன்றைக்கு ஆற்றோரம் வேண்டாம். அணையே இல்லாத காட்டாறும் ஓடையும் இதைவிட மோசம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனது.

சாயந்திரம் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். குச்சி ஒரு சாண் முங்கினாலோ, தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ சாமான் எடுக்கப் போகாமல் முதலில் ஆட்களைக் கரையேற்றுங்கள். டென்ட் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

கே: வடக்கன்குளத்துக்குத் தெற்கே எங்கள் பனைவிளையில் ஜூனில் டென்ட் அடித்தோம். ராத்திரி இரண்டு மணிக்கு முளை எல்லாம் பிடுங்கி, கம்பி பிளந்து, துணி பறந்தது. மலிவு டென்ட் என்பதாலா? – வள்ளியூர் வாசகர்

ப: டென்ட்டைக் குறை சொல்ல முடியாது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேகாத்து, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று, குவிந்து வந்து விழுகிற வாய் அது. சும்மாவா முப்பந்தலிலிருந்து பணகுடி வரை காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள்? ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே திறந்த பொட்டலில் அடிப்பது வீண் வேலை. அடித்தே தீர வேண்டும் என்றால் நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

மறைவு முதலில். மதில் சுவரை விட உயிர்வேலி நல்லது. சுவரில் மோதிய காற்று மேலேறி அந்தப் பக்கம் சுழன்று விழும். வேலி அதைச் சல்லடை மாதிரி சலித்து விடும். பத்தடி உயர வேலி என்றால் அதற்குக் கிழக்கே ஐம்பது அடி வரை காற்று நன்றாகத் தணிந்திருக்கும். வேலி உடைமரமாக இருந்தால் கீழே கிடக்கும் முள்ளைப் பெருக்காமல் டென்ட்டை விரிக்காதீர்கள். பனையை மறைவு என்று நம்பி அதன் அடியில் அடிக்கவே கூடாது. காய்ந்த மட்டை கருக்கோடு விழும். ஆவணி, புரட்டாசியில் கிலோக் கணக்கில் கனக்கும் பழம் விழும். பொட்டலில் தனியே நிற்கும் பனைதான் இடி விழுவதற்கும் முதல் இலக்கு.

அடுத்தது திசை. டென்ட்டின் குறுகிய, தாழ்ந்த பக்கம் மேற்கே பார்க்கட்டும், வாசல் கிழக்கே. மேற்கே வாசல் வைத்து ஜிப்பைத் திறந்தால் டென்ட் பாய்மரம் ஆகிவிடும்.

முளைக்கு வருவோம். செம்மண் என்றால் முளையின் தலை டென்ட்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து, கயிறும் முளையும் மூலைமட்டம் மாதிரி நிற்க வேண்டும். மாடு கட்டத் தறி அடிக்கிறவர்களுக்கு இது தெரியும். தேரி என்கிற இளகிய செம்மணலில் எந்த முளையும் நிற்காது. டென்ட்டோடு வரும் விரல் கனக் கம்பி முளை நிற்கவே நிற்காது. அங்கே உரச்சாக்கில் பாதிக்கு மணல் அள்ளி, வாயைக் கட்டி, அதில் கயிற்றைச் சுற்றி, ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து மிதித்துவிடுங்கள். ஒரு டென்ட்டுக்கு ஆறு சாக்கு போதும். சாக்கு இல்லாவிட்டால் ஒரு முழ நீள மட்டைத் துண்டைக் குறுக்கே புதைத்து, நடுவில் கயிறு கட்டுங்கள். காலையில் தோண்டி எடுத்துப் போக மறக்க வேண்டாம்.

கடைசியில் கயிறு. உங்கள் கம்பி பிளந்ததற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். மேல்துணியின் நடுவில் வளையம் வளையமாக இருக்கும். அவற்றில் கட்டுகிற இழுகயிற்றைப் பலர் பையிலிருந்து எடுப்பதே இல்லை. துணி தளர்ந்து படபடக்கும். ஒவ்வோர் அடியும் கண்ணாடியிழைக் கம்பியின் பூண் பொருத்தில் விழுந்து அங்கே பிளக்கும். பிளந்த இடத்தில் பெரிய ஆணியை வைத்து டேப் சுற்றினால் அன்றைய ராத்திரி ஓடும்.

கே: குழந்தைகளோடு தங்க, மலையடிவாரத்தில் ‘கேம்ப்பிங்’ என்று விளம்பரம் செய்யும் தனியார் தோப்புகளைப் பார்க்கிறோம். பணம் கட்டும் முன் என்ன கேட்க வேண்டும்? – பாளையங்கோட்டை வாசகி

ப: கேம்ப் ஃபயர் உண்டா, பார்பிக்யூ உண்டா என்று கேட்பதற்கு முன்னால் காட்டு எல்லை எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். ‘காட்டுக்குள்ளேயே இருப்பது மாதிரி இருக்கும் மேடம்’ என்று பெருமையாகப் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடி அருகே காட்டை ஒட்டிய தனியார் விடுதியின் டென்ட்டில் தங்கிய பெண் யானை தாக்கி இறந்தார். நம் அடிவாரத்தில் யானையோடு கரடியும் சேர்த்தி. பழுத்த பலா, மா, வாழைத்தார், தேன்கூடு, கரையான் புற்று இவையெல்லாம் அவற்றுக்கு இலை போட்டு வைத்த மாதிரி. தோப்பில் இவை எங்கே இருக்கின்றன, டென்ட் எங்கே நிற்கிறது என்று போட்டோ அனுப்பச் சொல்லுங்கள்.

தென்னந்தோப்பு என்றால் கடைசியாக எப்போது தேங்காய் வெட்டினார்கள் என்று கேளுங்கள். ஒன்றரை மாதத்துக்கு ஒரு வெட்டு நடக்கிற தோப்பில் வெட்டு முடிந்த வாரம் போவது நல்லது. அப்போதும் நான்கு மரத்துக்கு நடுவிலுள்ள சதுரத்தின் மையத்தில்தான் டென்ட்.

கழிப்பறை டென்ட்டிலிருந்து 30, 40 மீட்டரில், வழியெல்லாம் விளக்கோடு இருக்க வேண்டும். அதற்கு மேல் தூரம் என்றால் நடுராத்திரியில் குழந்தை டென்ட் வாசலிலேயே உட்காரும். ரொம்பக் கிட்டே என்றால் நாற்றமும் கதவுச் சத்தமும் தூங்க விடாது. ராத்திரி காவலுக்கு யார் இருக்கிறார்கள், கார் டென்ட் பக்கத்தில் வருமா என்பதும் முக்கியம். விலங்கு வந்தாலும் காய்ச்சல் வந்தாலும் ஓடி ஏற இடம் கார்தான்.

ஒரு கணக்கையும் மனதில் வையுங்கள். ‘நாலு பேர் டென்ட்’ என்பது நாலு பேரை மத்திமீன் மாதிரி அடுக்கிய கணக்கு. பெரியவர் இருவரும் குழந்தைகள் இருவரும் பையோடு படுக்க ஆறு பேர் டென்ட் கேளுங்கள்.

கே: டென்ட்டைச் சுற்றி உப்பு, பூண்டுத் தண்ணீர், பினாயில் தெளித்தால் பாம்பு வராதாமே? – களக்காடு வாசகர்

ப: வரும். பாம்பைத் தடுப்பது ஜிப்தான். தரையோடு தைத்த டென்ட்டாக வாங்கி, உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் முழுக்க மூடுங்கள்; ‘காற்று வரட்டும்’ என்று நாலு விரல் திறந்து வைப்பதில்தான் வினை. கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவர் போர்வைக்குள் வந்து கடிக்கும். பல நேரம் வலியே இருக்காது. காலையில் வயிறு வலித்து இமை தொங்கினால் கடிவாய் தெரியாவிட்டாலும் 108-ஐக் கூப்பிட்டு விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கட்டு, கீறல், உறிஞ்சுதல் எதுவும் வேண்டாம். இடம் பார்க்கும்போது கல் குவியல், வைக்கோற்படப்பு, வரப்பு எலிவளை, கோடையில் வெடித்த கரிசல் ஆகியவற்றை விட்டு விலகுங்கள். செருப்பை உள்ளே வையுங்கள். வெளியே வைத்தால் உதறிப் போடுங்கள்.

கே: 3000 மி.மீ. தண்ணீர் தாங்கும் என்று போட்ட புது டென்ட். ஒரு சின்ன மழைக்கே கீழிருந்து நனைந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா? – முக்கூடல் வாசகர்

ப: அடியில் தார்ப்பாய் போட்டிருப்பீர்கள், அது டென்ட்டை விடப் பெரிதாக வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்கும். மேல்துணியிலிருந்து வழிந்த தண்ணீர் அந்த விளிம்பில் விழுந்து, தார்ப்பாய்க்கும் டென்ட் தரைக்கும் நடுவே ஓடித் தேங்கும். நீங்கள் புரளும்போது முழங்கையும் இடுப்பும் அழுத்துகிற இடத்தில் கசியும். தார்ப்பாயைச் சுற்றிலும் மூன்று அங்குலம் உள்ளே மடித்துவிடுங்கள். மடிப்பு கீழ்ப்பக்கம் போகட்டும். பாதித் தொல்லை தீர்ந்தது.

மீதி, இடம். வயலில் கிடை போடுகிறவர்களைக் கவனியுங்கள். தண்ணீர் தேங்காத மேட்டுத் தாக்கில்தான் ஆட்டை மடக்குவார்கள். மெல்லிய சேற்று ஏடு காய்ந்து வெடித்து ஓரம் சுருண்டிருந்தால் அங்கே தண்ணீர் நின்றிருக்கிறது. குளத்து உள்வாயும் மறுகால் ஓடையும் கோடையில் கட்டாந்தரை மாதிரி ஏமாற்றும். லேசான சரிவு இருந்தால் தலை மேட்டுப்பக்கம். விரிப்பதற்கு முன் வெறும் தார்ப்பாயில் இரண்டு நிமிடம் படுத்துப் பாருங்கள். காலில் உறுத்தாத கல் முதுகில் உறுத்தும். சுற்றி வாய்க்கால் வெட்டும் பழக்கம் வேண்டாம், மண் அரித்துப்போகும். அது தேவைப்படுகிற இடம் ஏற்கனவே தவறான இடம்.

உள்பக்கம் மேலே முத்து முத்தாக நின்றால் அது மழையே அல்ல, உங்கள் மூச்சு. மேலேயுள்ள காற்றுத் துளையை மழையிலும் திறந்தே வையுங்கள்.

கே: கூந்தன்குளக் கரையில் அடிக்கலாமா? – மூலைக்கரைப்பட்டி வாசகர்

ப: வேண்டாம், பறவைகள் சரணாலயம் அது. கூட்டில் குஞ்சு இருக்கிறதென்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர். உங்கள் புளூடூத் ஸ்பீக்கரை அவர்கள் எப்படிப் பொறுப்பார்கள்? விடியற்காலையில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கே: முதல் தடவை போகிறோம். எந்த மாதம் சரி? – சங்கரன்கோவில் வாசகி

ப: தை பிறந்ததிலிருந்து மாசி பாதி வரை. கொண்டல் மழை (வடகிழக்குப் பருவமழை) ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, மேகாத்துக்கு இன்னும் நாள் இருக்கும். பகல் மூன்றரை, நான்கு மணிக்குள் இடத்துக்குப் போய்ச் சேருங்கள். டார்ச் வெளிச்சத்தில் தேர்ந்த இடம் காலையில் பார்த்தால் மாட்டுப்பாதையாக இருக்கும். அந்த மாதங்களில் பனி இறங்கும், பள்ளத்தில் குளிர் தேங்கும், அதனால் வயலை விட வரப்பு ஓர மேடு கதகதப்பு. மேலே இரண்டு போர்வை கொண்டுபோகிறவர்கள் கீழே ஒன்றும் போடாமல் விறைப்பார்கள். கோரைப்பாய் ஒன்று, அதன்மேல் ஜமுக்காளம் ஒன்று, அப்புறம் போர்வை. பத்தமடைப் பட்டுப்பாயை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.